பி பக்கத்துக்கு ஒரு ஆம்ளிபயர்

சுவிட்சைப் போட்டால் உடனே குரல் வராது, முதலில் வாசனைதான் வரும். தகரப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் சூடேறச் சூடேற, அதன்மேல் படிந்த தூசி கருகி, ஈரத்துணியை இஸ்திரி போடும்போது வருமே, அந்த மாதிரி ஒரு மணம் அறை முழுக்கப் பரவும். பிறகு ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். அதற்கும் பிறகுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, சவுதியிலிருந்து பேசத் தொடங்குவார். எங்கள் வீட்டு ஆம்ளிபயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அந்த வாசனை. அடுத்ததாக வருவது வெட்கம். அதை வாங்க அம்மாவோடு தஞ்சாவூருக்குப் போன குறுவை நடவுக் காலத்தில் எனக்குப் பதினொரு வயது. அதற்கு முன்னால் நான் செய்து வைத்திருந்த காரியத்தை இப்போது எழுதும்போதும் காது மடல் சூடாகத்தான் செய்கிறது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, நெல்வயல் முடிந்து உப்புக்காற்று தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. தெருவில் பாதி வீட்டு ஆண்கள் ‘சபுராளி’கள்; அதாவது பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போய், இரண்டு வருடத்துக்கோ மூன்று வருடத்துக்கோ ஒருமுறை சென்ட்டும் சோப்புமாக வந்து இறங்குகிறவர்கள். அத்தா சவுதியில் ஒரு கம்பெனியில் கம்ப்ரஸர் ஓட்டிக்கொண்டிருந்தார். போனில் பேசினால் ‘ஹலோ’ சொல்வதற்குள் காசு பறந்துவிடும், கடிதம் எழுதுவதற்கு அவருக்குக் கை வராது. ஆகவே தெருவில் மற்ற வீடுகளுக்கு வருவது போலவே எங்கள் வீட்டுக்கும் ‘பேச்சுக் கேசட்டு’ வரும். அங்கே அறையில் உட்கார்ந்து டேப்ரிக்கார்டரில் பேசிப் பதிந்து, லீவில் ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்புவார். நாங்களும் இங்கே பேசி, திரும்பிப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புவோம்.

இதற்கு யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் இருந்தது. கேசட்டின் ஏ பக்கம் எல்லாருக்கும், பி பக்கம் ‘வீட்டுக்கு’, அதாவது பெண்டாட்டிக்கு. கேசட் வந்த அன்று சாயங்காலம் சொந்தபந்தம் எல்லாம் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அத்தா ஏ பக்கத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி சலாம் சொல்வார், யாருக்கு என்ன உடம்பு என்று விசாரிப்பார், ஆற்றில் தண்ணீர் வந்ததா, பக்கத்து வயலில் நடவு முடிந்ததா என்று கேட்பார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்பார். முப்பது நிமிடம் முடிந்து டேப்ரிக்கார்டரின் பட்டன் ‘டக்’ என்று தானாக மேலே எழும்பியதும் அத்தாவின் அக்கா, எங்கள் மாமி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “சரி, மிச்சத்தை அவ கேட்டுக்குவா, எல்லாரும் எந்திரிங்க” என்பார். பி பக்கத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள்கூட அடுத்தவர் பி பக்கத்தை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சட்டம் உடைந்துபோயிருந்தது. உடைத்தது ஒரு காய்ச்சல். அத்தா இரண்டாவது தடவை பயணம் போய் நாலைந்து மாதத்தில் அம்மா விஷக் காய்ச்சலில் படுத்தாள். பிழைப்பாளா என்றே பயந்தார்கள். பிழைத்து எழுந்தபோது காது பாதிக்குமேல் போயிருந்தது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள், முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் காதுக்கு ‘மெஷின்’ வைக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்து மெஷின் என்றால் தீப்பெட்டியைவிடப் பெரிய டப்பா ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு, அதிலிருந்து ஒரு ஒயரைக் காதுக்கு இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். அம்மா ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். “இதை மாட்டிக்கிட்டு நான் தெருவுல ஒரு நடை நடந்தா போதும், அடுத்த பிளைட்டுலயே அவங்களுக்குச் சேதி போயிடும். அங்க தனியா கெடந்து கவலப்படுவாங்க. வேணாம்.” அத்தாவுக்கு இது தெரியக்கூடாது என்று மாமியிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மாமி தெருவுக்கே சொல்லிவிட்டார். யாருமே ஒரு கேசட்டில்கூட வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெரு ஒரு ரகசியத்தை அவ்வளவு நாள் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

ஆனால் கேசட்டுக்கு உதடு கிடையாதே. அத்தா அனுப்பியிருந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ‘டூ இன் ஒன்’னில் சத்தத்தை முழுக்கக் கூட்டினால் பேச்சு கரகரத்துப் போகும், குறைத்தால் அம்மாவுக்குக் கேட்காது. இயர்போனை வைத்துப் பார்த்தோம். ஏற்கெனவே அவள் காதுக்குள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த இரைச்சலோடு அதுவும் சேர்ந்துகொண்டு தலைவலியைத்தான் கொடுத்தது. ஏ பக்கத்தை அம்மா எல்லாரோடும் உட்கார்ந்து, சிரிக்கிற இடத்தில் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்துவிடுவாள். பி பக்கத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். எல்லாரும் போனபிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு, அம்மா என் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொள்வாள். நான் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, அத்தா சொன்னதை வாயசைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அத்தாவுக்கு எதுவும் தெரியாததால் கேட்கிற பெண்டாட்டியிடம் பேசுகிற மாதிரியே பேசினார். ஒவ்வொரு பி பக்கமும், “கேக்குதா புள்ள?” என்றுதான் தொடங்கும். அப்புறம் கூரை ஓடு, பள்ளிக்கூடச் சம்பளம், தென்னை மரம் என்று கொஞ்சம் போகும். அப்புறம் குரல் இறங்கிவிடும். அறையில் மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் இருக்கிறேன் என்பார். இங்கே சோற்றில் கை வைத்தால் உன் ஞாபகம்தான் வருகிறது என்பார். நீ தலை துவட்டிக்கொண்டு கொல்லைப்புறத்திலிருந்து வருவது கண்ணிலேயே நிற்கிறது என்பார். ஒருமுறை வெகுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, “சும்மா உங்கூட உக்காந்திருக்கேன்” என்றார்.

எட்டு வயதுப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் சகிக்கவே முடியாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது பெற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பிரியமாயிருப்பதுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த வார்த்தைகளை என் வாயால், அதுவும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதைவிட வாய்க்காலில் குதித்துவிடலாம் என்றிருந்தது. ஆகவே முதல் கேசட்டிலேயே வெட்டத் தொடங்கிவிட்டேன். “ஓடு மாத்தச் சொன்னாங்க. எனக்குப் பீஸ் கட்டியாச்சான்னு கேட்டாங்க. உடம்பப் பாத்துக்கச் சொன்னாங்க. அவ்வளவுதாம்மா.” அவ்வளவுதான் என்று சொல்லும்போது டேப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். “இன்னும் சுத்துதேடி” என்பாள் அம்மா. “சும்மா இரைச்சல்” என்பேன்.

லீவு கிடைக்காமல் அத்தா ஊருக்கு வராத மூன்று வருடமும் இப்படி ஓட்டினேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவேயில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அது இன்னொரு பொய். தெரிந்துதான் செய்தேன். அம்மா ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “உங்க அத்தாவுக்கு எங்கிட்டப் பேச ஒண்ணுமே இருக்காதாடி? ஓடும் மரமும்தானா?” என்று கேட்டாள். பதில் வேண்டுமானால் என் உதட்டைப் பார்த்தாக வேண்டும், அவள் நிமிரவேயில்லை. அதற்குப் பிறகு அவள் பேசி அனுப்புகிற பி பக்கங்கள் வறண்டுபோயின. ஓடு மாற்றிவிட்டோம், பீஸ் கட்டிவிட்டோம், தேங்காய் இத்தனை வந்தது. அதைக் கேட்டு அங்கே அத்தாவும் சுருங்கத் தொடங்கினார். அரை மணி நேரம் பேசினவர் பதினைந்து நிமிடம் பேசினார், பிறகு பத்து நிமிடம். கடைசியாக வந்த கேசட்டில் ஐந்து நிமிடம்கூட இல்லை. அதில் அவர் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகமிருக்கிறது: “போன தடவையும் நீ ஒண்ணும் சொல்லல. எம்மேல எதும் கோவமா புள்ள? கோவம்னா திட்டியாவது பேசு.” நான் அம்மாவைப் பார்த்து, “உடம்பப் பாத்துக்கச் சொன்னாங்க” என்றேன்.

அந்தக் கேசட் வந்த வாரம்தான் அம்மா முடிவு செய்தாள். “எம்புருசன் பேசுறத எங்காதால ஒரு தடவயாச்சும் கேக்கணும்” என்று தன் தம்பி காதர் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். டேப்ரிக்கார்டரோடு சேர்த்து மாட்ட ஒரு நல்ல ஆம்ளிபயரும் பெட்டியும் வேண்டும், கையில் இருப்பதற்குள் முடிய வேண்டும். சபுராளி வீட்டில் ‘செட்டு’ வாங்கினால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. காதுக்கு மெஷின் வாங்கினால்தான் சேதி, ஆளுயரத்துக்கு மெஷின் வாங்கினால் அந்தஸ்து.

காதர் மாமாவுக்கு அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, தெரியாதது என்று ஒன்று கிடையாது. “எங்கிட்ட விடுக்கா” என்றார். மறுநாளே மாட்டுவண்டியில் ஒரு செட்டு வந்து இறங்கியது. கல்யாணம், தர்கா கந்தூரி என்று மைக்செட் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் புதுசு வாங்கிவிட்டு விற்ற பழைய ஆம்ளிபயர். கூடவே நான் எக்கி நின்றாலும் என் தலைக்கு மேலே போகிற ஒரு ஸ்பீக்கர் பெட்டி. விலையும் மலிவு. எங்கள் பக்கத்தில் ஆம்ளிபயர் என்றால் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி எத்தனை ‘வாட்ஸ்’ என்பதுதான். அடுத்த ஊருக்குக் கேட்டால் நல்ல செட்டு, ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்டால் அதைவிட நல்ல செட்டு. மாமாவும் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

அன்று மத்தியானம் அம்மா கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு, ஆசையாகப் பழைய கேசட் ஒன்றின் பி பக்கத்தைப் போட்டாள். அத்தா பேசினார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. “நான் கொடுத்தனுப்புற வளையலை அக்காக்கிட்டக் காட்டிக்காத புள்ள, அப்புறம் அதுக்கும் ஒண்ணு கேக்கும்” என்று அவர் சொன்னது சாத்திய கதவு ஜன்னலைத் தாண்டித் தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிற்று. நான் பாய்ந்து நிறுத்துவதற்குள் இன்னும் இரண்டு வரி போய்விட்டது. கதவைத் திறந்தால் வாசலில் மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். “எந்த வளையலு?” என்றார். அம்மா மாமியின் உதட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “என்னடி சொன்னாங்க?” என்று கேட்டாள். கல்யாண வீட்டு டிரம்ஸுக்குச் செய்த பெட்டி அது. அதில் பேச்சு வெறும் உறுமலாகத்தான் வந்திருக்கிறது. தெரு முழுக்கக் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

அம்மா அன்றைக்கு அழுததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும், உள்ளதைச் சொல்கிறேனே, ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. அவளுக்குக் கேட்காதவரைக்கும் நான் தப்பித்தேன். வளையலை அம்மா மாமியிடமே கொடுத்துவிட்டாள், செட்டை மாமா முனகிக்கொண்டே திருப்பி எடுத்துப்போனார், விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரமே, “கெளம்புடி, நாமளே போய்ப் பாத்து வாங்குவோம்” என்று அம்மா தஞ்சாவூர் பஸ்ஸில் என்னையும் ஏற்றினாள். எந்த ஆம்ளிபயர் தெளிவாக இருக்கிறது என்று கேட்டுச் சொல்ல அவளுக்கு ஒரு காது வேண்டுமே.

பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த கடைகளில் ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் ஒரே மாதிரிதான்: சினிமாப் பாட்டைப் போட்டு, சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் குதிக்கிற பெட்டியைக் காட்டி, “பேஸ் பாருங்க, நெஞ்சுல வந்து அடிக்கும்” என்பார்கள். பாட்டுக்கு எல்லா ஆம்ளிபயரும் நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பி, “பேச்சு புரியுமாடி? தெளிவா இருக்கா?” என்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். மூன்றாவது கடையில் உண்மையாகவே நல்ல செட்டு ஒன்று இருந்தது. குரல் கண்ணாடி மாதிரி வந்தது. “எப்படிடி?” என்றாள் அம்மா. “கொரகொரன்னு இருக்கும்மா” என்றேன். என்னை நம்பி, அவள் கடைக்காரரிடம் தலையாட்டிவிட்டு இறங்கினாள். வெயிலில் அவள் செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கடைசியாகப் போனது ஒரு மாடிக்கடை. கடை என்றுகூடச் சொல்ல முடியாது; மேசை முழுக்க ஒயரும் ஈயமுமாகக் கிடக்க, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒருவர் தானே செட்டு கட்டிக்கொண்டிருந்தார். விளக்கு குதிக்கிற பெட்டி ஒன்றும் அவரிடம் இல்லை. எங்களை நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை வாட்ஸ் என்று கேட்கவில்லை.

“அதுல என்ன கேக்கப் போறீங்க?” என்றார்.

“பாட்டு” என்றேன் நான், முந்திக்கொண்டு.

அம்மா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாட்டு இல்லண்ணே, பேச்சு” என்றாள். “எங்க வீட்டுக்காரவங்க சவுதியில இருந்து பேசி அனுப்புறது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். பக்கத்துல உக்காந்தா எனக்கு மட்டும் புரியிற மாதிரி வேணும்.”

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். “அப்ப எல்லாரும் வாங்குற மாதிரி ரெண்டு பெட்டி எதுக்கும்மா? ஒரு ஆளு பேசுறதுக்கு ஒரு பெட்டி போதும். சின்ன செட்டே போதும்” என்று அலமாரியிலிருந்து, முன்பக்கம் பெயின்ட்கூட அடிக்காத ஒரு தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். வாட்ஸ் சொன்னால் காதர் மாமா சிரிப்பார். “கேசட் கொண்டாந்திருக்கீங்களா? கேக்கப் போறதைப் போட்டுத்தான் பாக்கணும்.”

கொண்டு வந்திருக்க மாட்டாள் என்றுதான் நான் தைரியமாக இருந்தேன். அம்மா பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய கேசட்டை எடுத்தாள். கடைசியாக வந்த கேசட்.

முதலில் ஏ பக்கத்தைப் போட்டார். அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, பெட்டியை அவள் காது உயரத்துக்கு நகர்த்தி, பேஸ் திருகைக் குறைத்துக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டு, குரலைத் தெளிவாக்குகிற ட்ரெபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். கூட்டக் கூட்ட அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு” என்று அத்தா கேட்ட இடத்தில் அம்மாவின் புருவம் மேலே போயிற்று. “முழங்கால் வலி” என்று திருப்பிச் சொன்னாள். பிறகு யாரையும் பார்க்காமல், “அந்தப் பக்கத்தப் போடுங்கண்ணே” என்றாள்.

அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். பட்டனை அழுத்தாமல் கையை எடுத்துக்கொண்டு, “இதை அழுத்தினா ஓடும், இதை அழுத்தினா நிக்கும். நான் கீழ போய் ஒரு டீ சாப்பிட்டு வந்துடுறேன்” என்று படியிறங்கிப் போய்விட்டார். பி பக்கம் என்றால் என்ன என்று எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரைப் போல நானும் இறங்கிப் போயிருக்கலாம். போக முடியவில்லை.

அம்மா பட்டனை அழுத்தினாள். “கேக்குதா புள்ள?” என்றார் அத்தா.

மூன்று வருடமாக ஒவ்வொரு கேசட்டிலும் அவர் முதலில் கேட்டது இதைத்தான். ஒருமுறைகூட நான் இதை அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மா பெட்டியைப் பார்த்து, மரியாதைக்குத் தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “கேக்குது” என்றாள்.

மிச்சமிருந்த சில நிமிடமும் ஓடியது. எம்மேல கோவமா என்று அவர் கேட்டதும் ஓடியது. அம்மா டேப்பை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. கடைக்காரர் வந்ததும், “இதையே குடுங்கண்ணே” என்றாள். மலிவாகத்தான் முடிந்தது, பெயின்ட் அடிக்காததற்கு அவரே குறைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஆம்ளிபயரை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நடவு நடந்துகொண்டிருந்த வயல்களைப் பார்த்தபடியே வந்தாள். மன்னார்குடியில் எனக்கு வழக்கம்போலப் பொரித்த கடலை வாங்கிக் கொடுத்தாள். நான் அதைப் பொட்டலத்தோடு அப்படியே வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து, மத்தியானத் தொழுகை முடிந்ததும், பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கேசட்டை எடுப்பாள், என்னைப் பார்த்து, “நீ வெளிய போ” என்பாள், கதவைச் சாத்துவாள். மொத்தம் பன்னிரண்டு கேசட்டுகள். வந்த வரிசையில், ஒரு நாளைக்கு ஒன்று. நான் வாசல்படியில் உட்கார்ந்து, பட்டன் ‘டக்’ என்று எழும்புகிற சத்தத்துக்குக் காத்திருப்பேன். குரல் வெளியே வராது, நல்ல ஆம்ளிபயர் அது. கதவைத் திறந்து வரும்போது சில நாள் அவள் கண் சிவந்திருக்கும், சில நாள் முகம் புதுப்பெண் மாதிரி இருக்கும். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அடி வாங்குவதாக இருந்தால் முதல் நாளே வாங்கியிருக்கலாமே என்று பன்னிரண்டு நாளும் நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஏன்டி சொல்லல?” என்றாள்.

“வெக்கமா இருந்துச்சும்மா.”

உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. “உனக்கு வெக்கம். எனக்கு மூணு வருசம் போச்சுடி” என்றாள். சொல்லிவிட்டு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுது தீர்த்தோம். அந்தக் குட்டைவிட வலித்தது அந்த வாக்கியம்தான், இன்றைக்கும் அதுதான் வலிக்கிறது.

அதற்கப்புறம் புதுக் கேசட் ஒன்றைப் பிரித்தாள். அதன் ஏ பக்கத்தில் வழக்கம்போல எல்லாரும் பேசினார்கள். பி பக்கத்துக்கு அவள் தனியாக உள்ளே போனாள். என் வேலை, வாசலில் சத்தம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது. அன்றைக்கென்று மாமி வீட்டு ஆட்டுக்குட்டி தாயைக் காணாமல் கத்தித் தொலைத்தது. நான் அதன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் முழுதாகக் கழிந்து ‘டக்’ என்று கேட்டது. அவள் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. காதைப் பற்றிச் சொல்லிவிட்டாள் என்பது மட்டும் அடுத்த ஏ பக்கத்தில் தெரிந்தது. அத்தா எல்லாரிடமும் கடகடவென்று பேசிவிட்டு, அம்மா பெயர் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்தி, பெரிய குரலில் சலாம் சொன்னார். அந்தப் பி பக்கமும் கடைசி வரைக்கும் ஓடி, ‘டக்’ என்று நின்றது.

இப்போது எங்கள் தெருவில் கேசட்டும் இல்லை, பி பக்கமும் இல்லை. சபுராளிகள் வீடியோவில் வருகிறார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தில் சாய்த்து வைக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டியிடம் பேசுவதைக் குழந்தை, மாமியார், பால்காரர் எல்லாரும் கேட்கிறார்கள். அந்தத் தகர ஆம்ளிபயர் ஒரு புயல் மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் மூழ்கிப்போயிற்று. அந்த மாடிக்கடை இருந்த இடத்தில் ஓட்டல் வந்துவிட்டது. அம்மா காதுக்குள்ளேயே மறைந்துவிடுகிற சின்ன மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, ஊரோடு வந்து சேர்ந்துவிட்ட அத்தா வாய்க்குள் முணுமுணுப்பதற்கெல்லாம் பதில் சொல்கிறாள். அத்தாவுக்குத்தான் இத்தனை வருடம் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றதில் காது போய்விட்டது. மெஷின் வைத்தால் தலைக்குள் கம்ப்ரஸர் ஓடுகிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சின்னதா ஒரு செட்டு பாத்து வாங்கிக் குடும்மா, ரொம்பச் செலவு வேணாம்” என்றார். எதற்கு என்று கையைக் காட்டிக் கேட்டேன். “பாட்டு கேக்க” என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் பாட்டு கேட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று பெட்டி ஒழிக்கும்போது அவருடைய பழைய சூட்கேஸின் அடியில், துணியில் சுற்றி, நாங்கள் அனுப்பிய கேசட்டுகள் அத்தனையும் இருந்தன.

என் மகன் போனில் தேடி, வாட்ஸ் அதிகமாக உள்ளதாகப் பத்துக் காட்டினான். இன்னும் எல்லாரும் வாட்ஸ்தான் சொல்கிறார்கள். நான் பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் தனித்தனித் திருகு உள்ள சின்ன ஆம்ளிபயர் ஒன்றும், ஒரே ஒரு பெட்டியும் வாங்கினேன். பரணில் கிடந்து தப்பித்த பழைய ‘டூ இன் ஒன்’னுக்குப் பெல்ட் மாற்றினேன். மத்தியானம் அத்தாவை உட்காரவைத்து, பெட்டியை அவர் காது உயரத்துக்கு நகர்த்தி, பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டிவிட்டு, எந்தக் கேசட் என்று கேட்டேன். தேடாமலே ஒன்றை எடுத்துக் கொடுத்தார், பி பக்கம் மேலே இருக்கும்படி.

பட்டனை அழுத்தினேன். இரைச்சல். எங்கோ ஒரு ஆட்டுக்குட்டி கத்தியது. “சும்மா இரு சனியனே” என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் தூரத்தில் கேட்டது. அது நான்தான். பிறகு, மிகப் பக்கத்தில், முப்பது வயது அம்மா:

“கேக்குதுங்க. இப்பத்தாங்க கேக்குது.”

அத்தா கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். யார் குரல் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. “இந்த மனுசனுக்கு வெக்கமே கெடையாது” என்றாள். சொல்லிக்கொண்டே அடுப்பைக் குறைத்து, கையைத் துடைத்து, தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து ‘டக்’ என்று கேட்டது. கதவு திறக்கவில்லை.